நாளைய தேதி

காலை ஆறு இருபது. வாசற்கதவை ஒட்டிய ஆணியில் ஒன்றும் இல்லை. ஸ்கூட்டர் சாவி அதில்தான் தொங்கும். முந்தின இரவு படுக்கப் போகும்போது தொங்கிக்கொண்டிருந்தது, பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். வீட்டில் இருப்பவர்கள் இரண்டு பேர். நான் எடுக்கவில்லை.

சமையலறையில் என் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“சாவி எங்க?”

“எந்தச் சாவி?”

“தெரியாத மாதிரி கேக்காத. வண்டிச் சாவி.”

“பரவால்லையே, அதுக்குப் பேரு ஞாபகம் இருக்கு.”

“விளையாடாத. நேரமாகுது.”

“எதுக்கு நேரமாகுது? ஆபீஸுக்கா?”

துருவி முடித்த மூடியைக் குப்பையில் போட்டாள். இன்னொரு மூடியை எடுத்தாள்.

“லைசென்ஸ் அடுத்த மாசம் முடியுது. புதுப்பிக்க டாக்டர் சர்ட்டிபிகேட் வேணும். நரம்பு டாக்டர்கிட்ட புதன்கிழமை சாயந்திரம் அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சு. அவர் கையெழுத்துப் போட்டா சாவி. அதுவரைக்கும் நடங்க. நடக்கிறது நல்லதுன்னு உங்க பேப்பர்லதான் போடுவாங்களே.”

“யாரு வாங்கினது?”

“உங்க பொண்ணு.”

மகள் பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். அவளும் அம்மாவும் தினமும் பிற்பகல் மூன்று மணிக்குத் தொலைபேசியில் பேசுவார்கள். அந்த நேரத்தில் நான் தூங்குவதாக இருவருக்கும் நினைப்பு.

எனக்கு எழுபது வயது. தமிழ் நாளிதழ் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இரவுப் பணியில் உதவி ஆசிரியராக இருந்தேன். அவளுக்கு அறுபத்தாறு. மிஷன் பள்ளி ஒன்றில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுத்து ஓய்வு பெற்றவள். இரண்டு பேரும் சிவப்புப் பேனாவால் பிழைத்தவர்கள். ஒரே வீட்டில் திருத்துகிறவர்கள் இரண்டு பேர் இருக்கக் கூடாது என்பது கல்யாணமான முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. பணி நேரம் எங்களைக் காப்பாற்றியது. அவள் பள்ளிக்குக் கிளம்பும்போது நான் தூங்குவேன். அவள் திரும்பும்போது நான் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பேன். ஓய்வுக்குப் பிறகு அந்த ஏற்பாடு போயிற்று. மிஞ்சியது காலையில் நான் வெளியே இருக்கும் ஒரு மணி நேரம்.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருவொன்றின் மாடி வீடு எங்களுடையது. அங்கிருந்து ஆறரைக்குக் கிளம்பி, தாம்பரம் ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் நான்கு நாளிதழ்கள் வாங்கி, வண்டியை ஓரமாக நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்து டீ குடித்தபடி நான்கிலும் உள்ள பிழைகளை வட்டமிடுவேன். ஏழரைக்கு வீடு. பேப்பரை வீட்டுக்கே போடச் சொல்லலாமே என்று மகள் பல முறை சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் போட்டால் வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டும். நடந்து போனால் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும், கால் மரத்திருக்கும். அந்த வண்டிதான் அந்த ஒரு மணி நேரம். என் மனைவிக்கு அது நன்றாகத் தெரியும்.

சாவி மறைந்ததற்குக் காரணம் மூன்று வாரம் முன்பு நடந்தது. கேம்ப் ரோடு சந்திப்பில் எனக்கு முன்னால் போன ஆட்டோ நின்றது. நின்றதைப் பார்த்தேன். பிரேக் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தது. தெரிந்ததற்கும் கை அழுத்தியதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. அதற்கு முன்னால் அந்த இடத்தில் இடைவெளி இருந்ததில்லை. ஆட்டோவின் பின்பக்கத்தில் முட்டினேன். பலமாக இல்லை. இடது காலை ஊன்றினேன். கால் நான் நினைத்த இடத்தில் இல்லை. வண்டியோடு சாய்ந்தேன்.

ஆட்டோக்காரர் இறங்கி வந்து முதலில் தன் வண்டியைத்தான் பார்த்தார்.

“இன்னா பெர்சு, தூங்கிகினே வர்றியா?”

பிறகு என் முழங்காலைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கிக்கொண்டார். “ரத்தம் வர்து பாரு சார். குந்து, குந்து அப்டியே.”

வீட்டில், நாய் குறுக்கே வந்தது என்று சொன்னேன். முப்பத்து நான்கு ஆண்டுகளில் எத்தனையோ விபத்துச் செய்திகளைச் சுருக்கியிருக்கிறேன். கை தாமதமாகிவிட்டது என்று வாக்குமூலம் கொடுத்த ஓட்டுநர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. நாய், ஆடு, திடீரெனத் திரும்பிய லாரி. நானும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டேன். அந்த ஆட்டோ எங்கள் தெருமுனை ஸ்டாண்டைச் சேர்ந்தது என்பதை யோசிக்கவில்லை. இரண்டே நாளில் என் மனைவிக்கு உண்மை போய்ச் சேர்ந்தது. அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. வைத்துக்கொண்டாள்.

சாவி மறைந்த அன்று, அவள் குளிக்கப் போன நேரத்தில் வீட்டைத் தேடினேன். சாவி கிடைக்கவில்லை. அவளுடைய மேசை இழுப்பறையில் எண்பது பக்க நோட்டு ஒன்று கிடைத்தது. அட்டையில் ஒன்றும் எழுதவில்லை. உள்ளே பென்சிலில், ஆய்வுக்கூடப் பதிவேடு மாதிரி, தேதி போட்டு வரிசையாக எழுதியிருந்தாள்.

‘காலை. சல்லடையைக் கேட்க, அந்த ஓட்டை தட்டு என்றார்.’

‘மதியம். கேஸ் அடுப்பை அணைக்கவில்லை. கேட்டதற்கு நான் பற்ற வைக்கவே இல்லை என்று சண்டை.’

‘சர்ச்சில் ஆயர் பெயர் வரவில்லை. ஐயா, ஐயா என்று சமாளித்தார்.’

‘மாடிப்படி இறங்கும்போது கீழே பார்த்தே இறங்குகிறார். முன்பு பார்க்க மாட்டார்.’

‘நாய் கதை சொன்னார்.’

ஏழு பக்கம். நின்றுகொண்டே படித்தேன். ஒவ்வொன்றும் நடந்ததுதான். என் சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது. ‘ஓட்டைத் தட்டு’ என்று ஒற்றுப் போட்டேன். ‘நாய்க் கதை’ என்று போட்டேன். மொத்தம் பதினொரு ஒற்றுப்பிழைகள், ஓர் எழுவாய் மயக்கம். எல்லாவற்றையும் திருத்தி, நோட்டை இருந்த இடத்தில் வைத்தேன்.

மறுநாள் திறந்து பார்த்தபோது புதிதாக ஒரு வரி இருந்தது. ‘என் நோட்டைத் திருடிப் படித்துத் திருத்தினார். திருத்தியது எல்லாம் சரி.’ அதில் ஒற்றுப்பிழை இல்லை.

புதன்கிழமை மாலை ஐந்தரைக்கு அவள் ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தாள். வந்தது அதே ஆட்டோ.

“இன்னா சார், முட்டி ஆறிச்சா?”

“ஆறிடுச்சு.”

“நாய் எப்டி கீது சார்?”

என் மனைவி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தோள் குலுங்கியது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“கோச்சுக்காத சார். அக்காதான் கேக்கச் சொன்னாங்கோ.”

மேம்பாலம் ஏறி மேற்குத் தாம்பரம் போனோம்.

கைப்பேசிக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது கிளினிக். டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் “வாங்க அங்கிள்” என்றார். அவருக்கு நான் எந்த வகையிலும் மாமனோ சித்தப்பனோ இல்லை. அவருடைய மேசையில் என் மனைவியின் எண்பது பக்க நோட்டு போய் உட்கார்ந்தது. அவர் புரட்டினார். சிவப்பு மையைப் பார்த்து நிறுத்தினார்.

“இது யாரு கரெக்ட் பண்ணது?”

“அவர்தான்,” என்றாள்.

டாக்டர் ஏதோ குறித்துக்கொண்டார்.

மூன்று சொற்கள் சொன்னார்: மாம்பழம், ரயில், நாற்காலி. பிறகு கேட்பேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கழித்தேன். கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். மூன்று சொற்களையும் திரும்பக் கேட்டார். சொன்னேன், இப்போதும் சொல்வேன். ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடியும் என்று கேட்டார். முதல் அரை நிமிடம் நன்றாக வந்தது. பிறகு யானைக்கும் ஒட்டகத்துக்கும் அப்பால் ஒரு வெட்டவெளி. முன்பெல்லாம் வேண்டிய சொல்லுக்கு நான் கை நீட்டியதே இல்லை, அது வந்து நிற்கும். இப்போது கூப்பிட்டால் வருகிறது, ஆனால் வேலை முடிந்த பிறகு வருகிறது. வெளியே வந்து படி இறங்கும்போது காண்டாமிருகம், முள்ளம்பன்றி, மரநாய் மூன்றும் சேர்ந்து வந்தன.

“இன்னிக்கு என்ன கிழமை அங்கிள்?”

“வியாழன்.”

“தேதி?”

வியாழக்கிழமையின் தேதியைச் சொன்னேன். மாதமும் ஆண்டும் சரியாகச் சொன்னேன். டாக்டரின் பேனா ஒரு கணம் நின்று, பிறகு எழுதியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரவுப் பணியில் இருப்பவனுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் இன்று என்பது கிடையாது. பக்கத்தின் தலையில் மறுநாள் தேதியைப் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். அன்று மதியம் நடந்த கொலை ‘நேற்று’ நடந்தது. மறுநாள் வரப்போகும் அமைச்சர் ‘இன்று’ வருகிறார். முப்பத்து நான்கு ஆண்டுகள் மாலை ஆறிலிருந்து இரவு இரண்டு வரை நாளையில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தப் பழக்கம் அலுவலகத்தோடு நிற்கவில்லை. மகள் பிறந்த மாலையில், மருத்துவமனைப் படிவத்தில் நான் மறுநாள் தேதியைத்தான் எழுதிக் கையெழுத்திட்டேன். பிறப்புச் சான்றிதழ் அந்தத் தேதியில் வந்தது. அதைத் திருத்த, பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறு தடவை நகராட்சி அலுவலகத்துக்கு அலைந்தது என் மனைவி. நான் பகலில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

“டாக்டர், அது பத்திரிகைப் பழக்கம்,” என்றேன். “நைட் டெஸ்க்ல நாங்க அடுத்த நாள் தேதிதான் போடுவோம். சாயந்திரம் ஆனா எனக்கு அப்படித்தான் வரும். இவளைக் கேளுங்க.”

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். “அப்படியா ஆன்ட்டி?”

அவள் சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியலையே டாக்டர்.”

ஆறு தடவை நகராட்சிக்கு நடந்தவள் சொன்னது.

அடுத்து என்னைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். டாக்டர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார், கால் துள்ளியது. கணுக்காலுக்குப் பின்னால் தட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை தட்டினார். பிறகு இரண்டு பல் உள்ள இரும்புக் கவை ஒன்றை எடுத்துத் தட்டி அதிரவிட்டு, அதன் காம்பை என் மணிக்கட்டில் வைத்தார். ஈ மொய்ப்பது போல விர்ரென்றது. “இதுதான் வைப்ரேஷன். இது இருக்கா, நின்னுடுச்சான்னு சொல்லணும். கண்ணை மூடிக்கங்க.” காம்பைக் கால் கட்டைவிரலில் வைத்தார்.

“இருக்கா?”

“இருக்கு.”

“இப்ப?”

“இருக்கு.”

“இப்ப?”

“லேசா இருக்கு.”

“கண்ணைத் திறங்க அங்கிள்.”

கவையின் இரண்டு பற்களையும் அவர் விரலால் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டாவது தடவையிலேருந்தே நான் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.”

முதல் தடவையிலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. செய்தியே வராத இடத்திலிருந்து செய்தி எழுதிப் பிடிபட்ட நிருபர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் எப்படிப் பேசுவேன் என்பதும் நினைவிருக்கிறது.

கண்ணை மூடி நிற்கச் சொன்னார். ஆடினேன். ஒரு கோட்டின் மேல் குதிகாலை விரலோடு ஒட்டி நடக்கச் சொன்னார். நான்காவது அடியில் சுவரைப் பிடித்தேன். என் மனைவி எட்டாம் வகுப்பு மாணவன் கரும்பலகையில் கணக்குப் போடுவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் விளக்கினார். அவர் சொன்னதில் பாதியை அவரே தமிழில் சொன்னார், மீதியை நான் மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டேன். வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும். நரம்பில் சேதி போகும் வேகம் குறையும்; எவ்வளவு நீளமான நரம்போ அவ்வளவு சீக்கிரம் தெரியும், அதனால் பாதம் முதலில். சொற்கள் எங்கேயும் போகவில்லை, எடுத்து வரும் வழிதான் நீண்டுவிட்டது. மொழியும் எழுத்தும் கடைசிவரை நிற்கும். “அதனாலதான் ஆன்ட்டி நோட்டுல உங்களால ஸ்பெல்லிங் கரெக்ட் பண்ண முடியுது. ஆனா பிரேக் பிடிக்க ஸ்பெல்லிங் தேவையில்லை.”

இதற்கு என் மனைவி சிரித்தாள்.

“ஞாபக சக்தி பரவாயில்ல. தேதிதான் கொஞ்சம் இடிக்குது. பாதத்துல ஃபீலிங் ரொம்பக் குறைவு, ரியாக்ஷனும் ஸ்லோ. சுகர், பி-ட்வெல்வ் ரெண்டும் பாருங்க. இப்ப நான் சைன் பண்ண மாட்டேன். மூணு மாசம் கழிச்சு வாங்க.”

“ஸ்கூட்டர் ஓட்டப் பாதம் எதுக்கு?”

“ஊன்றதுக்கு, அங்கிள்.”

அதே ஆட்டோவில் வீடு திரும்பினோம். மாடி ஏறி, கதவைச் சாத்தியதும் கேட்டேன்.

“ஏன் பொய் சொன்ன?”

“நான் என்ன பொய் சொன்னேன்?”

“தேதி விஷயம் உனக்குத் தெரியாதா? பிள்ளை பிறந்த தேதியையே மாத்தி எழுதினவன் நான். உனக்குத் தெரியாதா?”

“அது தெரியும்.”

“அப்புறம்?”

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். வகுப்பில் அப்படித்தான் நிற்பாள் என்று நினைக்கிறேன்.

“நீங்க ரிட்டயர் ஆகி ஒம்போது வருஷம் ஆகுது. முதல் வருஷம் அப்பப்ப தேதி மாத்திச் சொன்னீங்க. அப்புறம் நின்னுபோச்சு. எட்டு வருஷமா சாயந்திரமும் சரியாத்தான் சொன்னீங்க. கல்யாணத்துல மொய் எழுதும்போது, சர்ச்சுல, கரண்ட் ஆபீஸ்ல, எல்லா இடத்துலயும். இந்த ஜனவரியிலேருந்துதான் திரும்ப வருது. இது பழக்கமா, வேற என்னமோவான்னு எனக்குத் தெரியலை. தெரியலைன்னுதான் சொன்னேன். உங்களுக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்வதற்குப் பதில், “நோட்டுல அதை ஏன் எழுதல?” என்று கேட்டேன்.

“எழுதியிருந்தா நீங்க படிச்சுட்டு, புதன்கிழமைக்கு மனப்பாடம் பண்ணிட்டு வந்திருப்பீங்க.”

இது உண்மை. நான் நிச்சயம் அப்படித்தான் செய்திருப்பேன். ஓர் ஆசிரியையோடு முப்பத்தொன்பது ஆண்டு குடித்தனம் செய்தவன், வினாத்தாள் கையில் கிடைத்தால் சும்மா இருக்க மாட்டான் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று அவள் சொன்னதில் என்னைத் தொந்தரவு செய்தது வேறு. பழைய பழக்கம் போய்விட்டது என்றுதான் அந்த எட்டு ஆண்டுகளும் நினைத்திருந்தேன். அது போகவே இல்லை. யாரோ அதைக் கதவுக்குப் பின்னால் பிடித்துவைத்துக்கொண்டிருந்தார்கள். பிடித்திருந்த கை இப்போது தளர்கிறது. ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்ட மறுவாரம் போனபோது டாக்டரிடம் இதைக் கேட்டேன். “அப்படியும் சொல்லலாம்,” என்றார். “ஒண்ணைச் செய்யாம இருக்கிறதும் மூளைக்கு ஒரு வேலைதான் அங்கிள். வயசாகும்போது அந்த வேலை முதல்லயே கொஞ்சம் லூஸ் ஆகும்.” ஆக, என்னைக் காப்பாற்றும் என்று நான் நீட்டிய சாட்சியம் எனக்கு எதிரான சாட்சியமாகவும் இருக்கலாம். சர்க்கரை சரி, பி-ட்வெல்வ் சரி. தாளில் ‘வயதுக்கேற்ற மாற்றங்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். என் மேசைக்கு அந்தச் சொற்றொடர் வந்திருந்தால் அடித்திருப்பேன். எது மாறியது, எவ்வளவு மாறியது, யார் மாற்றியது, ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை.

கிளினிக் போய்வந்த இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, நானே கேம்ப் ரோட்டுக்கு நடந்து போய், காய்ச்சலுக்கும் சளிக்கும் பார்க்கும் ஒரு பொது மருத்துவரிடம் படிவத்தை நீட்டினேன். அவர் என் பாதத்தைப் பார்க்கவில்லை. முகத்தையும் சரியாகப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. “கண்ணாடி போட்டா தெரியுதில்ல?” என்று கேட்டார். தெரியும் என்றேன். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். வாகனம் ஓட்ட நான் தகுதியானவன் என்று அதில் இருந்தது.

வீட்டுக்கு வந்து அதை உணவு மேசையில் அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் முழுதும் படித்தாள். முத்திரையையும் படித்தாள்.

“ஊசி போடுற டாக்டர்.”

“சட்டப்படி போதும்.”

“போதும்தான்.”

எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் சாவியும் மறுகையில் மரத்தால் ஆன ஓர் அடி ஸ்கேலும் இருந்தன. சாவியைச் சான்றிதழ் மேல் வைத்தாள்.

“ஏழாம் கிளாஸ் பிள்ளைங்களுக்கு இதைத்தான் செஞ்சு காட்டுவேன். ஸ்கேலை மேல பிடிச்சுக்கிறேன். நீங்க கீழ ரெண்டு விரலை விரிச்சு வைங்க, தொடக்கூடாது. நான் விடுவேன். பிடிக்கணும். அஞ்சு தடவையில மூணு தடவை பிடிச்சிட்டா எடுத்துட்டுப் போங்க. அப்புறம் வாயே திறக்க மாட்டேன்.”

“பிள்ளைங்க எத்தனை பிடிக்கும்?”

“அஞ்சும்.”

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து வைத்தேன். அவள் சொல்லாமலே ஸ்கேலை விட்டாள். பிடித்தேன். இருபத்தாறு சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் விரல் இருந்தது. அவள் குனிந்து அளவைப் பார்த்தாள். இரண்டாவது தரையில் விழுந்தது. மரம் மொசைக்கில் விழும் சத்தம் பெரிதாகக் கேட்டது. மூன்றாவதும் விழுந்தது. கீழ்வீட்டிலிருந்து, “என்ன ஆன்ட்டி, எதாவது விழுந்துடுச்சா?” என்று குரல் வந்தது.

“ஒண்ணுமில்லம்மா. அங்கிள் விளையாடுறார்.”

நான்காவதைப் பிடித்தேன், நுனியில். ஐந்தாவதற்கு அவள் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். நான் ஸ்கேலையே பார்த்தேன். அது விழுவது தெரிந்தது. விரல்கள் மூடியபோது நடுவில் ஒன்றும் இல்லை.

“இப்ப நீ பிடி,” என்றேன். “நான் விடுறேன். உனக்கும்தான் அறுபத்தாறு.”

“நான் எதுக்குப் பிடிக்கணும்? நான் வண்டி ஓட்டலையே. ரோட்டுல நடந்து போறவ.”

ஸ்கேலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாவியை எடுக்கவில்லை. மேசை மேலேயே விட்டிருந்தாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பிடுங்கி வைத்திருந்தவரைக்கும் சண்டை போட ஓர் ஆள் இருந்தாள்.

சனிக்கிழமை ஆறரைக்கு வண்டியைத் தெருவுக்கு இறக்கினேன். வெளிச்சம் வந்திருந்தது. ஸ்டாண்டை எடுத்து, உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தரையில் ஊன்றினேன். இடது பாதம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முயன்றேன். ஊன்றியிருக்கிறது என்று தோன்றியது. நேராக, சாக்கடை மூடியைத் தள்ளி, தார் மேல். குனிந்து பார்த்தேன். பாதிப் பாதம் மூடியின் விளிம்பில் இருந்தது, குதிகால் அந்தரத்தில் நின்றது. செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அது கழன்றதும் தெரியவில்லை.

இன்னும் மூன்று முறை காலை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு முறை சரியாகச் சொன்னேன். எதிர்வீட்டுப் பெண்மணி கோலம் போடுவதை நிறுத்திவிட்டு, “வண்டி ஸ்டார்ட் ஆகலையா சார்?” என்று கேட்டாள். பேட்டரி என்று சொன்னேன். மேலே பால்கனியில் என் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்தாளா என்று தெரியாது. நான் நிமிரவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து படிக்கட்டுக்குக் கீழே நிறுத்தினேன்.

அவளிடம் நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளும் கேட்கவில்லை. மதியம் சாப்பிடும்போது, வண்டிக்கு வயதாகிவிட்டது, கொடுத்துவிடலாம் என்றேன்.

“வண்டிக்கா?” என்றாள். பிறகு, “ரசம் போட்டுக்கங்க,” என்றாள்.

மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். “ஆமா, விட்டுட்டார்,” என்று மகளிடம் சொன்னாள். “இல்லடி, நான் ஒண்ணும் சொல்லல. அவரே.” சிறிது நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டாள். “இனிமே முழு நேரமும் வீட்லதான். எனக்குத்தான் தண்டனை.”

திங்கட்கிழமை முதல் நான்கு நாளிதழ்களும் வீட்டுக்கு வருகின்றன. உணவு மேசையின் ஒரு முனையில் உட்கார்ந்து வட்டமிடுகிறேன். மறுமுனையில் அவள் காய் நறுக்குகிறாள். நான் விட்ட பிழைகளை, நான் குளிக்கப் போனபிறகு, அவள் பென்சிலில் வட்டமிட்டு வைக்கிறாள். முதல் வாரம் இரண்டு. போன வாரம் ஐந்து.

மாடம்பாக்கத்திலிருந்து ஒருவர் போன ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வண்டியைப் பார்க்க வந்தார். நாற்பது வயதிருக்கும். தெருமுனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஹெல்மெட்டும் சேர்த்தா என்று கேட்டார். சேர்த்துத்தான் என்று என் மனைவி சொன்னாள்.